மேற்கத்திய நாவல்கள்ல முஸ்லிம்கள எப்படி காட்டுறாங்க? நேர்மையா எழுதுனது ஏதாவது இருக்கா?

ஒரு நாவல்ல யாராவது தொழுதா அடுத்து என்ன நடக்குதுன்னு தான் நான் முதல்ல பாப்பேன். அனேகமா ரெண்டுல ஒண்ணு தான், பையனா இருந்தா குண்டு வைக்கப் போறான், பொண்ணா இருந்தா இதையெல்லாம் உதறிட்டு ஓடிப்போய் விடுதலை ஆகப் போறா. எங்க வீட்ல அம்மா சுபுஹு (விடியக்காலைத் தொழுகை) தொழுதுட்டு பால் காய்ச்சப் போவாங்க, அவ்ளோதான், ஆனா அந்த "அவ்ளோதான்" நாவல்கள்ல கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் ரெண்டு தடவ புலிட்சர் பரிசு வாங்குனவரு, சின்ன ஆள் இல்ல. 2006ல 'டெரரிஸ்ட்'னு ஒரு நாவல் எழுதுனாரு. நியூஜெர்சில அஹ்மத்னு 18 வயசுப் பையன், எகிப்துக்கார அப்பா சின்ன வயசுலயே விட்டுட்டுப் போயிட்டாரு, அம்மா ஐரிஷ் வம்சம், இவன் காலேஜ் போகாம லாரி ஓட்டக் கத்துக்கிட்டு கடைசில நியூயார்க்குக்குள்ள போற லிங்கன் டன்னல்ல வெடிக்க வைக்க குண்டு லாரிய ஓட்டிட்டுப் போறான். வெடிக்காது. ஆனா கதை ஆரம்பிக்கும்போதே இந்த ஷைத்தானுங்க என் கடவுள பறிக்கப் பாக்குறாங்கன்னு நெனைக்கிறவன், கடைசி வரில பறிச்சுட்டாங்கன்னு நெனைக்கிறான். அதாவது அவன் மனுஷனா திரும்புற இடமும் அவனோட கடவுள் போற இடமும் ஒண்ணா இருக்கு. குண்ட விட எனக்கு அது தான் வலிச்சுது, ஏன்னா ரெண்டும் சேந்து இருக்கவே முடியாதுன்னு அந்த எழுத்து முடிவே பண்ணிடுச்சு.

முஸ்லிம் சமூகத்துக்கு உள்ள இருந்து எழுதுறவங்களுக்கும் இதுல இருந்து சுலபமா தப்பிக்க முடியல. கமீலா ஷம்ஸியோட 'ஹோம் ஃபயர்' (2017) எனக்கு உயிர். லண்டன் ஏர்போர்ட்ல இஸ்மாங்குற முஸ்லிம் பொண்ண அதிகாரிங்க உக்கார வச்சு ராணி, ஜனநாயகம், ஈராக் போர், டிவில வர்ற கேக் போட்டின்னு எல்லாத்தப் பத்தியும் அபிப்பிராயம் கேப்பாங்க, அவளும் தங்கச்சி கூட முன்னாடியே பதில ஒத்திகை பாத்துட்டு தான் வந்திருப்பா, அப்பவும் ஃப்ளைட் போயிடும். அந்த ஒத்திகைங்குற விஷயம் வெளிய இருந்து பாக்குற ஒருத்தருக்கு தோணியிருக்கவே தோணாது. தங்கச்சி அனீக்கா காலைல தொழுறத பாத்து அவ காதலன் என்ன வேண்டிக்கிட்டன்னு கேக்குறப்போ, இது கொடுக்கல் வாங்கல் இல்ல, நாள நல்லபடியா ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுவா. ஆனா இவ்ளோ அழகான புக்குலயும் கதை நகரணும்னா இஸ்மாவோட தம்பி ஐஎஸ் தீவிரவாத அமைப்புல போய் சேர வேண்டியிருக்கு பாருங்க, அது தான் என் வருத்தம். (பிரான்ஸ்ல மிஷெல் ஊலெபெக் 2015ல எழுதுன 'சப்மிஷன்'ல ஒரு முஸ்லிம் ஜனாதிபதி ஆகுறாரு, அதுல அவரு மனுஷனாவே இல்ல, மத்தவங்க பயத்தோட பேரு தான் அவரு.)

அதனால நேர்மையா எழுதுனது எதுன்னு கேட்டா லைலா அபுலேலாவோட 'மினாரெட்' (2005). சூடான்ல பெரிய இடத்துப் பொண்ணு நஜ்வா, ஆட்சி கவுந்து அப்பாவ தூக்குல போட்டதும் லண்டன் வந்து கடைசில ஒரு வீட்ல வேலைக்காரியா இருக்கா. வசதியா இருந்த காலத்துல கார்ட்டூம் யுனிவர்சிட்டில கூடப் படிக்கிறவங்க வரிசையா நின்னு தொழுறத பாத்து, நமக்கு இது இல்லையேன்னு மனசுக்குள்ள ஒரு ஏக்கம் வரும், எல்லாம் போனப்புறம் லண்டன் பள்ளிவாசல்ல தான் அவளுக்கு ஆளுங்க கிடைக்கிறாங்க. ஹிஜாப் போடுறா, யாரும் மிரட்டல, யாரும் வந்து காப்பாத்தவும் இல்ல. தப்பும் பண்றா, தன்ன விட ரொம்ப சின்னவனான முதலாளியம்மாவோட தம்பிய நேசிக்கிறா, அவன விட்டு விலக அவன் அம்மா குடுக்குற காச ஹஜ்ஜுக்குன்னு வாங்கிக்கிறா. எனக்கு அது பிடிக்கல, இன்னும் பிடிக்கல, ஆனா அவள எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளா நெனைச்சு கோவப்பட்டேன், அஹ்மத் மேல அந்தக் கோவம் கூட வரல.

படிச்சு முடிச்ச அன்னிக்கு அம்மாகிட்ட முழுக் கதையும் சொன்னேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அந்தப் புள்ள ஹஜ்ஜுக்குப் போனாளா இல்லயா?" அதுக்கு முன்னாடியே நாவல் முடிஞ்சுடுதும்மான்னேன்.