பருத்திக்கொட்டையும் மாட்டு வயிறும்

கேள்வி: ஐயா, எங்களிடம் இரண்டு கறவை மாடுகள். தினமும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கிறேன். புழு தாக்காமலிருக்க வேறு ஜீன் ஏற்றிய பி.டி. பருத்தியில், கிருமியை மருந்துக்கு அடங்காமல் செய்யும் ஜீனும் இருக்கிறது, அது மாட்டு வயிற்றுக் கிருமிகளுக்குப் போய்விடும் என்கிறான் மகன். போன மாதம் ஒரு மாட்டுக்கு மடிநோய். ஐந்து நாள் ஊசி போடச் சொன்னார்கள். இரண்டே நாளில் தேறியதால் நிறுத்திவிட்டேன். கொட்டையையும் நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. மகன் கேட்டது நல்ல கேள்விதான். 2002-ல் நம் நாட்டில் அனுமதித்த முதல் பி.டி. பருத்தியிலேயே கனமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை முறிக்கும் ஜீன் உண்டு. புது ஜீன் ஏறிய செல் எது, ஏறாதது எது என்று ஆய்வகத்தில் பிரித்தெடுக்க வைத்த அடையாளம் அது.

அது பாக்டீரியாவுக்குப் போகுமா? வழி மிகக் குறுகல். மாட்டின் முதல் வயிற்றிலேயே டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். தப்பிய துண்டும் பாக்டீரியாவுக்குள் ஒட்ட, அங்கே ஏற்கெனவே அதேபோன்ற வரிசை இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் 1998-ல் சோதித்தபோது, அந்த ஜீனின் குறைபட்ட பிரதியை முன்கூட்டியே வைத்திருந்த பாக்டீரியாதான் செடியிலிருந்து அதை வாங்கிக்கொண்டது.

சரி, போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் புதிதாக என்ன கெடும்? நான் பார்ப்பது இதைத்தான். அந்த ஜீனே குடல் பாக்டீரியாவிடமிருந்து எடுத்தது. கனமைசினும் மண்ணில் வாழும் நுண்ணுயிர் தருவதுதான். தர்மபுரியில் பாடம் நடத்திய காலத்தில், பருத்தியே போடாத கேழ்வரகுக் கொல்லையிலிருந்து மாணவர்கள் ஒரு சிட்டிகை மண் கொண்டுவருவார்கள். கனமைசின் கலந்த தட்டில் தடவி வைத்தால், இரண்டு நாளில் பொட்டுப் பொட்டாக பாக்டீரியா முளைத்திருக்கும். நிறைந்த ஏரியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியது போலத்தான் பருத்தியின் பங்கு. ஆனால் எல்லா ஜீனுக்கும் இதே பதில் பொருந்தாது. பாக்டீரியாவிடம் அரிதாக இருக்கும் ஜீனை நாளை ஒரு பயிரில் வைத்தால், அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஊசிதான். மருந்தைப் பாதியில் விட்டால் மடியில் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கலாம், மறுபடி ஊசி போட வேண்டிவரும். மருந்து படும்போதெல்லாம் அடங்காத கிருமிதான் பிழைத்துப் பெருகும். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் இந்த ஜீன்களை மிக எளிதாகக் கைமாற்றிக்கொள்ளும், செடியிலிருந்து வருவதுபோல அரிதாக அல்ல. மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடைபோட்டதும் இந்த பயத்தால்தான்.

அந்த மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் மறுபடி காட்டி, பாலைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஊசி போடும் நாட்களில் கறக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று கன்றுக்கும் விடாதீர்கள். அதன் குடலிலும் அடங்காத கிருமி பெருகும். எத்தனை நாள் கழித்து ஊற்றலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.