70 நாளாகப் பீரியட்ஸ் இல்லை: நின்றேவிட்டதா?

கேள்வி: எனக்கு 47 வயது. போன வருடம் வரை 28, 29 நாளில் சரியாக வந்துவிடும். பிறகு ஒருமுறை 22 நாளிலேயே வந்தது, அடுத்தது 37 நாள் ஆனது. இப்போது 70 நாளாக வரவே இல்லை. ராத்திரியில் முகமும் கழுத்தும் திகுதிகுவென்று எரிந்து, ஜாக்கெட் நனையும் அளவுக்கு வியர்க்கிறது. லேபில் ரத்தம் கொடுத்தேன், எஃப்எஸ்எச் 34 என்று வந்திருக்கிறது. “அப்போ நின்னுபோச்சு, நிம்மதியா இரு” என்கிறார் அக்கா. நான் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முதலில் ஒரு வேலை. மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பப் பரிசோதனை கார்டு வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் பார்த்துவிடுங்கள். நாள் தள்ளிப்போனால் 27 வயதில் எதை முதலில் சந்தேகிப்போமோ, அதையேதான் 47 வயதிலும் சந்தேகிக்க வேண்டும். இந்த வயதில் கரு தங்குவது அரிது. ஆனால் தங்கவே தங்காது என்று சொல்ல முடியாது.

அது இல்லை என்று தெரிந்துவிட்டால், நீங்கள் இருப்பது நிற்கப்போகும் கட்டம். இன்னும் நின்றுவிடவில்லை. லேப் ரிப்போர்ட்டைவிட, நீங்கள் எழுதியிருக்கும் 22, 37, 70 என்ற மூன்று எண்கள்தான் எனக்கு இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

உலகெங்கும் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்ட்ரா’ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். 2001-இல் அமெரிக்காவில் வல்லுநர்கள் கூடி வகுத்து, 2011-இல் திருத்தியது. அதில் வயதுக்கு இடமில்லை, மாதவிடாயின் போக்குதான் கணக்கு. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அடுத்த 10 சுற்றுக்குள் அது திரும்பவும் வந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால் அந்த மாற்றத்தின் பிற்பகுதிக்கு வந்துவிட்டீர்கள். இந்தப் பிற்பகுதி பொதுவாக 1 முதல் 3 வருடம் வரை போகும். உடம்பு எரிச்சலும் வியர்வையும் மிகுதியாக வருவது இப்போதும், நின்ற பிறகு முதல் இரண்டு வருடமும்தான். மூட்டு வலி, தூக்கமின்மை, காரணமில்லாத சிடுசிடுப்பு எல்லாம் கூடவே வரலாம். பிறப்புறுப்பு வறட்சியும் சிறுநீர்த் தொந்தரவும் பல வருடம் கழித்தும் தலைகாட்டும்.

எஃப்எஸ்எச் 34 என்றால் என்ன? பிறக்கும்போது பெண்ணின் சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் சுமார் ஆயிரம்தான் மிச்சம். முட்டைகள் குறையக் குறைய, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து சினைப்பையை உசுப்புகிறது. ஏதோ ஒரு மாதம் ஒரு முட்டை அதற்கு இசைந்து வளர்ந்துவிட்டால் எஃப்எஸ்எச் சட்டென்று இறங்கிவிடும், பீரியட்ஸும் வந்துவிடும். இன்றைக்கு 34 என்று காட்டியது ஒன்றரை மாதத்தில் 10 என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு, இந்த அறிகுறிகள் இருக்கும்போது, இந்த டெஸ்ட் பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. காசு கொடுத்துக் குழப்பத்தை வாங்கி வருகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். 40 வயதுக்குள் மாதக்கணக்கில் வராமல் இருப்பவர்கள் விஷயம் வேறு. அவர்கள் இந்த டெஸ்டைக் கட்டாயம் எடுக்க வேண்டும், தாமதிக்கவும் கூடாது.

நிஜமான கருவி காலண்டர். என்னிடம் வந்த ஒரு அம்மா மஞ்சள் பையிலிருந்து மாதக் காலண்டரைச் சுருட்டியபடியே எடுத்து நீட்டினார். வந்த நாளில் எல்லாம் சிவப்புப் பேனாவில் வட்டம், பக்கத்தில் பொடி எழுத்தில் “6 நாப்கின், கட்டி”. மூன்று மாதமும் அப்படியே. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7. “நிக்கப்போற நேரத்துல பெரும்பாடு வரத்தானே செய்யும்” என்று பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஸ்கேனில் ஃபைப்ராய்டு, அதாவது கருப்பைச் சதைக்கட்டி. நிற்கப்போகும் நேரத்தில் நாள் தள்ளிப்போகலாம், போக்கு குறையலாம். ஆனால் கட்டிகட்டியாகப் போவதையும், ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதையும், உறவுக்குப் பிறகு ரத்தம் படுவதையும் வயதின் மேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றது என்போம். அதனால் கடைசி மாதவிடாய் எது என்று அது வந்த நாளில் யாருக்கும் தெரியாது. 11-ஆவது மாதம் ஒரு தடவை வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது, மேலைநாடுகளில் 51-ஐ ஒட்டி. கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு சினைப்பையை விட்டுவைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பீரியட்ஸ் இருக்காது, ஆனால் ஹார்மோன் ஓடிக்கொண்டிருக்கும்.

கருத்தடையை இப்போதே விட்டுவிடாதீர்கள். 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து 2 வருடம், 50-க்கு மேல் நின்றால் 1 வருடம் தொடர வேண்டும்.

ராத்திரி வியர்வையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. பலருக்கு அது 7 வருடம்கூட நீடிக்கிறது. தூக்கம் கெடுகிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே தர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. போகும்போது தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கோளாறும் இதே போல நாளைத் தள்ளிப்போடும், வியர்க்கவும் வைக்கும்.

ஒரு வருடம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது. ஆனால் கருப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் அதுதான். ஸ்கேனில் கருப்பையின் உள்படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சதைப் பரிசோதனை செய்வோம்.

70 நாளுக்கு முன் கடைசியாக வந்த தேதியை நினைவுபடுத்தி, இன்றைக்கே காலண்டரில் வட்டமிடுங்கள். இனி வராமலே போனால், உங்கள் 12 மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.