கேளுங்கள் சொல்கிறேன்: பெட்ரிகோர் முதல் தியரி வரை

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘பெட்ரிகோர்’ என்று எழுதியிருக்கிறாள். மழை பெய்ததும் வரும் வாசனை என்கிறது அகராதி. நம் மண்வாசனைதானே அது? அதற்கு எதற்கு இப்படி ஒரு பெயர்?

பதில்: மண்வாசனையேதான் அம்மா. ஆனால் அந்தப் பெயருக்குள் ஓர் ஆராய்ச்சியே இருக்கிறது. 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் சூட்டிய பெயர் இது. கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் கல். ‘ஈகோர்’ என்பது கிரேக்கக் கடவுளரின் உடம்பில் இரத்தத்துக்குப் பதிலாக ஓடுவதாகச் சொல்லப்படும் திரவம். வறட்சியில் செடிகொடிகள் விடும் எண்ணெய்ப் பொருள்களைக் கல்லும் மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழையின் ஈரம் பட்டதும் அவை காற்றில் கலக்கின்றன. இருவரும் காய்ந்த பாறையிலிருந்து அந்த எண்ணெயை வடித்தே காட்டினார்கள். இதில் இந்தியர்கள் அவர்களுக்கு முன்னோடிகள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட களிமண்ணைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து, மண் அத்தர் என்று காலங்காலமாக விற்று வருகிறார்கள்.

மண்வாசனையில் இன்னொரு பங்கு ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா இதை உண்டாக்குகிறது. பெயரைப் பிரித்தால் ‘ஜி’ மண், ‘ஆஸ்மி’ வாசனை. ஆக, தமிழில் நாம் சொல்வதைத்தான் அவர்களும் கிரேக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு லட்சம் கோடிப் பங்கில் ஒரு சில பங்கு கலந்திருந்தாலே போதும், மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

மகளிடம் சமையலறையிலும் இதைக் காட்டலாம். பீட்ரூட்டை நறுக்கும்போது வரும் மண் வாடை ஜியோஸ்மினுடையதுதான். தேக்கா சந்தையில் கெளுத்தி போன்ற நன்னீர் மீன் வாங்கினால் சில சமயம் சேற்று வாடை அடிக்குமே, அதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாசனையில்லாத வேறு பொருளாகிவிடும். நம் பாட்டிமார் மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைத்தது எவ்வளவு சரியான வேதியியல் என்று பாருங்கள்! வீட்டில் மீன் வாங்கும் நாளில் பாதியைப் புளித்தண்ணீரிலும் பாதியை வெறும் தண்ணீரிலும் அரைமணி நேரம் போட்டு, இரண்டையும் முகரச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் சொல் அவளுக்கு மறக்காது.

இன்னும் ஒன்று. 2015இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் மழைத்துளி மண்ணில் விழுவதை அதிவேகக் கேமராவில் படமெடுத்தார்கள். துளிக்கு அடியில் சிக்கும் காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடித்து, நுண்துளிகளைத் தெறிக்க விடுகின்றன. மண்ணில் இருப்பதும் அவற்றோடு காற்றில் ஏறிக்கொள்கிறது. மெல்லிய மழையில் இது அதிகம் நடக்கிறது, கொட்டும் மழையில் குறைவு. இங்கே சிங்கப்பூரில் மழை பிடித்தால் ஊற்றித்தான் தள்ளும், அதிலும் அடிக்கடி பெய்துவிடும். ஆகவே நல்ல மண்வாசனைக்கு, சில நாள் காய்ந்த பிப்ரவரி மாதத்துத் தூறல்தான் பொருத்தம். அன்றைக்கு மகளைத் தார்ச்சாலைப் பக்கம் விடாமல் புளோக்கின் கீழே இருக்கும் புல்தரைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி (தோ பாயோ வாசகி): அப்பாவின் வயிற்று ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று போட்டிருக்கிறது. சரியாகப் பார்க்கவில்லையோ என்று அவருக்கு ஒரே கவலை. இன்னோர் இடத்தில் ‘பினைன்’ என்றும் இருக்கிறது.

பதில்: முதலில் அப்பாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். அன்ரிமார்க்கபிள் என்றால் குறிப்பிட்டுச் சொல்லும்படியாக எதுவும் தென்படவில்லை என்று பொருள். ஸ்கேன் அறிக்கையில் வரக்கூடிய நல்ல சொல் அது. பினைன் என்பது லத்தீனில் ‘சாதுவான’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. கட்டியோ நீர்க்கொப்புளமோ இருக்கிறது, ஆனால் அது புற்றுநோய் அல்ல என்று சொல்கிறார்கள். அதைக் கவனிக்கத் தேவையில்லை என்று அர்த்தமில்லை. சாதுவான கட்டியும் பெரிதானால் பக்கத்து உறுப்பை அழுத்தலாம். அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ‘நெகட்டிவ்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து முகம் வாடிப்போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தேடிய கிருமி இல்லை, தேடிய குறை இல்லை என்ற நல்ல செய்தி அது. ‘அக்யூட்’ என்றால் கடுமை என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவத்தில் அது திடீரென்று வந்தது என்பதைத்தான் முதலில் குறிக்கும். சாதாரணச் சளிக்கும் அக்யூட் என்று எழுதுவார்கள். அதற்கு மறுபக்கம் ‘குரோனிக்’. காலம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் நாட்பட்ட நோய் என்று சொல்வது அச்சாகப் பொருந்துகிறது. ‘இடியோபதிக்’ என்று கண்டால் பயப்படாதீர்கள். நோய் இருக்கிறது, எதனால் வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை என்று மருத்துவர் நேர்மையாகச் சொல்கிறார்.

இப்போது அறிக்கைகள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரத்தில், பெரியவர்கள் அதைத் திறந்து படித்துவிட்டுத் தூக்கம் கெடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. புரியாத சொல்லை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். “டாக்டர், இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். தமிழ் தெரிந்த தாதி இருந்தால் அவரிடமும் கேளுங்கள். உங்கள் உடம்பைப் பற்றிய சொல், அது உங்களுக்குப் புரிந்தே ஆக வேண்டும்.

கேள்வி (புக்கிட் பாத்தோக் வாசகர்): ‘கிரெபஸ்குலர்’?

பதில்: வைகறையிலும் அந்தியிலும் நடமாடும் உயிரினம். இருட்டும் நேரத்தில் பூங்காப் பக்கம் ‘டொக், டொக்’ என்று மரத்தைத் தட்டுவதுபோல் ஒரு குரல் கேட்கும். அது பக்கிப் பறவை. அந்தி சாய்ந்ததும் பூச்சி பிடிக்கக் கிளம்பிவிடும்.

கேள்வி (சிராங்கூன், உயர்நிலைப் பள்ளி மாணவர்): ஐசோடோப்புக்குத் தமிழில் ‘ஓரிடத்தான்’ என்கிறார்கள். கேட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அப்புறம், அறிவியல் சொல் ஏதாவது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறதா?

பதில்: தம்பி, சிரிப்பவர்களிடம் கிரேக்கத்தில் ‘ஐசோ’ என்றால் சமம், ‘டோப்போஸ்’ என்றால் இடம் என்று சொல்லுங்கள். எடை வேறுபட்டாலும் தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காரும் அணுக்கள். 1913இல் வேதியியலாளர் ஃபிரெடரிக் சாடி இந்தக் கருத்தை விளக்கியபோது பெயர் எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். கார்பன் 12, 13, 14 மூன்றும் ஆறாவது கட்டத்துக்காரர்கள். அதனால்தான் ஓரிடத்தான். பொருளைப் பெயரிலேயே சொல்லிவிடுகிற அருமையான சொல் அது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் ‘கொரண்டம்’. நம் குருந்தம்தான் அப்படி ஆனது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் 9, வைரம் 10. கொஞ்சம் குரோமியம் கலந்திருந்தால் சிவந்து மாணிக்கமாகும். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். தமிழ்நாட்டில் கரூர், காங்கேயம் வட்டாரத்தில் இன்றும் கிடைக்கிறது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் மாணிக்கமும் நீலமும் பதித்த மோதிரங்களைப் பார்த்தால், இரண்டும் ஒரே குருந்தம் என்று நினைத்துக்கொள். விலையுயர்ந்த கைக்கடிகாரங்களில் கீறல் விழாத ‘சஃபையர்’ கண்ணாடி இருக்கிறதே, அதுவும் செயற்கைக் குருந்தம்தான்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): பரிணாமத்தைப் பற்றிப் பேசினால் என் பேரன், “அது வெறும் தியரி தாத்தா” என்கிறான். என்ன பதில் சொல்வது?

பதில்: ஐயா, நம் ஊரில் தியரிக்கு மூன்று பொருள் நடமாடுகிறது. கார் உரிமத்துக்கு எழுதுகிறோமே ‘பேசிக் தியரி’, அது ஏட்டுப் பாடம். “என் தியரி என்னவென்றால்” என்று காப்பிக்கடையில் ஒருவர் ஆரம்பித்தால் அது ஊகம். அறிவியலில் ஊகத்துக்குப் பெயர் கருதுகோள். அதைச் சோதித்து, திரும்பத் திரும்பச் சோதித்து, பல சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகு எழும் விளக்கம்தான் கோட்பாடு. ஈர்ப்பும் கோட்பாடுதான், நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் கோட்பாடுதான்.

பேரனிடம் இதையும் சொல்லுங்கள். பரிணாமத்தின் இயக்கத்தை டார்வினைப்போலவே தனியாகக் கண்டுபிடித்த ஆல்ஃபிரெட் வாலஸ், 1854இல் வந்திறங்கியது சிங்கப்பூரில். புக்கிட் தீமாக் காட்டில், ஒரு சதுர மைலுக்கு மேல் போகாத இடத்தில், சுமார் இரண்டு மாதத்துக்குள் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் அவர் கட்டுரையும் டார்வினின் எழுத்துகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. இவ்வளவு சின்ன இடத்தில் எதற்கு இத்தனை வகை என்று பேரனையே யோசிக்கச் சொல்லுங்கள். டெய்ரி ஃபார்ம் பூங்காவில் வாலஸ் பெயரிலேயே ஒரு நடைபாதை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வாருங்கள், தண்ணீர்ப் புட்டியும் கொசு மருந்தும் மறக்க வேண்டாம்.