பன்னிரண்டாம் வகுப்பு தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 33 வயது, பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். பத்தாம் வகுப்பு தேறியபின் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடங்கள் நின்றுபோயின. குடும்பச் சூழலால் வேலைக்குச் சென்றீர்கள். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து பி.ஏ. முடித்தீர்கள். இப்போது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4, குரூப் 2 இரண்டுக்கும் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியும் உடன் விண்ணப்பிக்க இருக்கிறார். தகுதி உண்டா என்பது கேள்வி.

குரூப் 4 தேர்வுக்கு உங்களுக்குத் தகுதி உண்டு. குரூப் 2 தேர்வுக்கு, இப்போது கையில் இருக்கும் சான்றிதழ்களை வைத்துப் பார்த்தால், இல்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏனென்றால் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பட்டத்தை முடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆனால் இரண்டு ஆண்டுகள் படித்து, முதல்நிலையும் முதன்மைத் தேர்வும் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பில் இதைத் தெரிந்துகொள்வதைவிட இன்றே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

காரணம் பட்டத்தின் தரம் அன்று, படித்த வரிசை. குரூப் 2 போலப் பட்டம் தகுதியாகக் கேட்கப்படும் தமிழ்நாடு அரசுப் பதவிகளுக்கு, பத்தாம் வகுப்பு, அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டுப் பட்டயப்படிப்பு முடித்து அதன்பின் பட்டம் பெற்றாலும் ஏற்கப்படும். பள்ளிப் படிப்பை இந்த வரிசையில் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டத்தை அரசு வேலைக்குரிய தகுதியாகக் கொள்ள இயலாது என்று 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான அரசாணை 107 தெளிவுபடுத்தியது. அதன்பின் வரும் அறிவிக்கைகளில் கல்வித் தகுதிப் பகுதியின் அடியில் சிறிய எழுத்தில் இந்த வரிசை குறிப்பிடப்பட்டே வருகிறது. பலரும் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்ற முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். திறந்தநிலை அல்லது தொலைதூர முறையில் படித்தது குற்றமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; பன்னிரண்டாம் வகுப்பு தேறியபின் அதே பல்கலைக்கழகத்தில் அதே பி.ஏ. பட்டத்தைப் பெற்றவர் குரூப் 2 எழுதலாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை நீக்க வேண்டியிருக்கிறது. "எனக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது, ஆகவே தகுதி இருக்கிறது" என்று சொல்பவர்களை ஒவ்வொரு தேர்வின்போதும் பார்க்கிறேன். விண்ணப்பிக்கும்போது நாம் நிரப்பும் விவரங்களை அப்படியே நம்பித்தான் தேர்வெழுத அனுமதிக்கிறார்கள். அந்த அனுமதி தற்காலிகமானது என்று நுழைவுச் சீட்டிலும் அறிவிக்கையிலும் எழுதியே இருக்கிறது. உண்மையான பரிசோதனை, மதிப்பெண் வந்த பிறகு சான்றிதழ்களைப் பதிவேற்றும்போதுதான் நடக்கிறது. அதனால் தேர்வு எழுத முடிந்தது என்பதோ, தேறிவிட்டோம் என்பதோ தகுதிக்குச் சான்றாகாது.

இனி குரூப் 4-க்கு வருகிறேன், உங்கள் நம்பிக்கை இருக்க வேண்டிய இடம் இதுதான். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய பதவிகளுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சக் கல்வி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வும் தேறியிருக்க வேண்டும். தட்டச்சருக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் வேண்டும். 2024 அறிவிக்கையில் வனக்காப்பாளர் போன்ற பதவிகளும் சேர்ந்தன; அவற்றுக்கு உடல் தகுதி தனி. ஒரே தேர்வாக இருந்தாலும் தகுதி பதவிக்குப் பதவி மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அறிவிக்கையைப் படியுங்கள்.

உங்கள் விஷயத்தில் நெருக்கடி கல்வியில் இல்லை, வயதில் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2021-இல், உச்ச வயது வரம்பை அரசு இரண்டு ஆண்டுகள் உயர்த்தியது. அதன்படி இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்குப் பொதுப்பிரிவினருக்கு 32, பிற்படுத்தப்பட்ட மற்றும் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 34, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கு 37 என்று வரம்பு இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்குக் குறைந்தபட்ச வயது 21. அந்தப் பதவிக்கு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உச்ச வயது 42. வயது கணக்கிடப்படுவது அறிவிக்கை வெளியாகும் ஆண்டின் ஜூலை 1-ஆம் தேதியை வைத்து. அந்தத் தேதியில் உங்களுக்கு 34 நிறைவடைந்திருந்தால், கிராம நிர்வாக அலுவலர் பதவி திறந்திருக்கும், இளநிலை உதவியாளர் பதவி மூடிவிடும்.

"குறைந்தபட்சத் தகுதியைவிடக் கூடுதல் கல்வி பெற்ற இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உச்ச வயது இல்லை என்கிறார்களே, எனக்குத்தான் பட்டம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கக்கூடும். விதி உண்மைதான், கிராம நிர்வாக அலுவலர் நீங்கலாக உங்களுக்கு வேண்டிய பதவிகளுக்கு அது பொருந்தும். ஆனால் அந்தக் கூடுதல் கல்வியும் மேலே சொன்ன வரிசையில் பெற்றதாக இருக்க வேண்டும் என்று அறிவிக்கையின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆகவே குரூப் 2-க்கு உதவாத அதே பட்டம் இங்கே வயதுச் சலுகைக்கும் உதவாது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும் என்ற நிம்மதியில் இருக்கும் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நின்றுபோன அந்த இரண்டு பாடங்களையும் தனித்தேர்வராக எழுதித் தேறுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பெற்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, பட்டத்தின் துணையில்லாமலே, குரூப் 4-இன் குறைந்தபட்சத் தகுதியைவிடக் கூடுதல் கல்வி ஆகிவிடுகிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினரான உங்களுக்கு அத்துடன் இளநிலை உதவியாளர் பதவிக்கான 34 என்ற சுவர் விலகும். நீங்கள் படித்த காலத்தின் பாடத்திட்டம் மாறியிருப்பதால், எந்தப் பாடத்திட்டத்தில், எப்படி எழுத வேண்டும் என்பதை உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பழைய மதிப்பெண் பட்டியலோடு நேரில் சென்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

அப்படித் தேறினால் குரூப் 2-உம் எழுதலாமா என்றால், அதை நம்பி இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பட்டம் முந்தி, பன்னிரண்டாம் வகுப்பு பிந்தி என்று வரிசை தலைகீழாகவே இருக்கும். குரூப் 2 உங்கள் கனவாக இருந்தால், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் புதிதாக ஒரு பட்டம் பெறுவதே ஐயத்துக்கு இடமில்லாத பாதை. அது மூன்று ஆண்டு உழைப்பு. அதற்குள் குரூப் 4 வழியாகப் பணியில் சேர்ந்துவிட்டு, பணியில் இருந்தபடியே படிப்பதை நான் விரும்புவேன்.

தேதி பற்றியும் கவனமாக இருங்கள். வயதுக்கு ஜூலை 1 என்றேன். கல்வித் தகுதிக்கோ அறிவிக்கை வெளியாகும் நாள்தான் எல்லை. விண்ணப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் அவகாசம் இருக்கும். அந்த மாதத்துக்குள் முடிவு வந்தாலும் செல்லாது. என் தோழி ஒருத்திக்குத் தட்டச்சு முதுநிலைத் தேர்வு முடிவு அறிவிக்கை வெளியான பன்னிரண்டாம் நாள் வந்தது. மதிப்பெண் நன்றாக இருந்தும் அந்த முறை தட்டச்சர் பதவிக்கு அவள் பெயரைக் கருதவில்லை. தேர்வாணையம் ஆண்டுதோறும் வெளியிடும் திட்ட அட்டவணையில் எந்த அறிவிக்கை எந்த நாளில் வரும் என்று இருக்கும். உங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அதற்கு முன்னதாக முடிவு வரும்படி திட்டமிடுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமை உங்களுக்குக் கிடைக்கக்கூடும். 2010-இல் வந்த சட்டம் 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, முதல் வகுப்பு தொடங்கி அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்கு அது முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. எத்தனை பள்ளிகளில் படித்தீர்களோ அத்தனை பள்ளிகளிலிருந்தும், உரிய படிவத்தில், தலைமையாசிரியர் கையொப்பத்தோடு சான்றிதழ் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஓர் ஊரிலும் உயர்நிலைப் பள்ளி வேறோர் ஊரிலும் என்றால் இதற்கே ஒரு வாரம் ஆகலாம்; கோடை விடுமுறையில் அறிவிக்கை வந்தால் தலைமையாசிரியரைத் தேடி அலைய நேரிடும். இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று முறை தேர்வுக் கட்டண விலக்கு உண்டு. எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்பது நினைவில் இல்லையென்றால் 100 ரூபாயைக் கட்டிவிடுங்கள். தவறாக விலக்கு கேட்டதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

குரூப் 4 தேர்வுக்குள்ளேயும் ஒரு தகுதி இருக்கிறது. 200 வினாக்களில் முதல் 100 தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு, 150 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண், எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவில் வல்லவர்கள் தமிழைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. இந்த மதிப்பெண் தரவரிசையிலும் சேர்கிறது.

உங்கள் மனைவிக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, அது என் அனுபவம். நான் முதன்முறை குரூப் 4 எழுதியபோது திருமணமாகி ஓராண்டு. புகுந்த ஊரில் இருந்த இ-சேவை மையம் ஒன்றில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். குடும்ப அட்டையைப் பார்த்துக் கணவர் பெயரிட்டே பதிந்தார்கள், நானும் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டேன். பெண்களுக்குச் சாதிச் சான்றிதழ் தந்தையின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பது அறிவிக்கையில் தெளிவாக இருந்ததை நான் படிக்கவில்லை. பாடத்திட்டப் பக்கங்களைத்தான் அச்செடுத்து ஒட்டி வைத்திருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் அது ஏற்கப்படவில்லை. புதிதாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று நிலைகளைத் தாண்டிப் புதிய சான்றிதழ் கைக்கு வந்தபோது பதிவேற்றும் கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இனச்சுழற்சியில், அதாவது என் வகுப்புக்கு ஒதுக்கிய இடங்களில், எனக்கு இடம் வந்திருக்கும்; பொதுப்பிரிவில் போட்டியிடும் அளவுக்கு என் மதிப்பெண் இல்லை. அடுத்த அறிவிக்கை வரும்வரை மீண்டும் காத்திருந்து, படித்து, அதன் பிறகே இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அந்த இடைக்காலத்தில் என் தந்தை காலமானார். நான் பணியில் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. இந்த இழப்பு இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதே நான் இங்கே பதில் எழுதுவதற்குக் காரணம்.

எனவே உங்கள் மனைவியின் சாதிச் சான்றிதழை இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். தந்தையின் பெயர் இருக்கிறதா, அந்த எழுத்துகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இருவரும் தேர்வாணையத்தின் இணையதளத்தில் நிரந்தரப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். கடந்த முறை வெளியான குரூப் 4 அறிவிக்கையை அதே தளத்திலிருந்து இறக்கி, கல்வி, வயது, சான்றிதழ் படிவங்கள் உள்ள பக்கங்களை ஒருமுறை உரக்கப் படியுங்கள். விண்ணப்பிக்கும் நாள் முடிந்தபின் திருத்தம் செய்வதற்குச் சில நாள் தருகிறார்கள். அதற்குப் பிறகு எந்த உரிமையையும் புதிதாகக் கோர முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் நின்ற பாடங்கள் எவை என்று எழுதினால், அவற்றுக்கு எப்படிப் படிக்கலாம் என்பதையும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.