அண்ணாவின்ர பீனிசமும் அமெரிக்க அப்பீலும்

கேள்வி: என்ர அண்ணா அமெரிக்க ஆமியில ஈராக்கில இருந்தவர், குப்பை எரிக்கிற புகைக்குள்ள நிண்டு இப்ப தீராத சைனஸ் (பீனிசம்), ஆனா முன்னாள் படையினரைப் பாக்கிற அமெரிக்கத் திணைக்களம் (VA) இயலாமைக்கு 10 வீதம்தான் குடுத்திருக்கு. அப்பீல் செய்யலாமோ?
- ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: கட்டாயம் செய்யலாம் தங்கச்சி. நச்சுப்புகைக்குள்ள நிண்ட படையினருக்காக 2022இல வந்த பாக்ட் (PACT) சட்டத்தால ஈராக்கில நிண்டவைக்கு சைனஸ் சேவையால வந்ததெண்டே எடுப்பினம், அதால இனி கேள்வி எத்தினை வீதம் எண்டதுதான். தலையிடி, முகநோவு, சீழ்ச்சளியோட வருசத்துக்கு மூண்டு தொடக்கம் ஆறு தரம் வந்தா 10 வீதம், ஆறுக்கு மேல போனா 30. அண்ணாவுக்கு எத்தினை தரம் வருதெண்டு எங்கயும் எழுதிக்கிடக்கோ? கனபேர் விடுற பிழை இதுதான், ஃபார்மசியில குளிசையை வாங்கிப்போட்டுப் படுத்திடுவினம், டாக்டரிட்டப் போகாயினம், பிறகு ஃபைலில ஒண்டும் இராது.

முடிவுக் கடிதத் திகதியில இருந்து ஒரு வருசத்துக்குள்ள அப்பீலைப் போடச் சொல்லுங்கோ, அப்பத்தான் கூட்டிக் கிடைச்சாலும் பழைய திகதியில இருந்து காசு வரும். புது ஆதாரம் இருந்தா அதைச் சேர்த்துப் போடுறது சப்ளிமென்டல் கிளெய்ம். ஹையர் லெவல் ரிவியூ எண்டா மேலதிகாரி ஒருத்தர் பழைய ஃபைலைத் திருப்பிப் பாக்கிறது, அதில புதுசா ஒண்டும் சேர்க்கேலாது, அதில அவசரப்பட்டு விழவேண்டாம்.

நீங்களும் சாட்சி எழுதலாம். அவர் லீவில வந்து நிக்கேக்க போர்வையால மூடிக்கொண்டு வேது பிடிச்சது, கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டு நெத்தியப் பொத்திக்கொண்டு பாதியில திரும்பினது, இப்பிடி நீங்கள் கண்ணால கண்டதை மட்டும் திகதியோட இங்கிலீசில எழுதி, கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ.