வீட்டுக்கு அழைத்துச் செல்வது கைவிடுவதாகாது

வணக்கம் சகோதரி. ரத்தப் புற்றுநோய் மீண்டும் வந்துள்ள உங்கள் 8 வயது மகனுக்கு இனிக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்று மருத்துவர் கூறியதையும், அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்வது கைவிடுவதாகுமோ என்று நீங்கள் தவிப்பதையும், வலிக்கு மார்பின் என்ற வலுவான வலிநிவாரணி மருந்தைக் கொடுத்தால் உயிர் சீக்கிரம் பிரிந்துவிடும் என்று உறவினர்கள் அச்சுறுத்துவதையும் உங்கள் கடிதத்தில் படித்து மனம் கலங்கினேன். எடைக்கும் வலிக்கும் ஏற்ப மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்பின் வேதனையையும் மூச்சுத்திணறலையும் தணிக்குமே தவிர, மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. வலி வரும்வரை காத்திராமல் அவர் குறித்த நேரத்தில் தவறாது கொடுங்கள். இடையில் வலி மிகுந்தால் எவ்வளவு கூடுதலாகத் தரலாம், இரவில் யாரை அழைக்கலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் உடனே கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பு (வலியையும் வேதனையையும் தணிக்கும் கவனிப்பு) வழங்கப்படுவதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே விசாரியுங்கள்.

மூத்த மகளிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தம்பி தூங்கப் போகிறான் என்று சொன்னால், அவளுக்குத் தூக்கமே பயமாகிவிடும். நோயை மருந்தால் மாற்ற முடியவில்லை என்றும், அவனோடு அவள் போட்ட சண்டை எதுவும் இதற்குக் காரணமல்ல என்றும் நேராகச் சொல்லுங்கள் (பிள்ளைகள் அப்படி நினைத்து உள்ளுக்குள் வெந்துபோவதுண்டு). அவனுக்குத் தண்ணீர் கொடுப்பது, கதை படிப்பது போன்ற சிறு பணிகளையும் அவளிடம் விடுங்கள்.