தற்கொலைச் செய்தியை எழுதும் விதத்தால் ஓர் உயிரைக் காக்க முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். இதை நான் நம்புவதற்கு எங்கள் தெருவில் நடந்ததே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரியில் மேட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் முடிவு வந்த வாரம், பக்கத்து வீட்டுப் பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். மறுநாள் ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவன் படத்தைப் போட்டு, ‘மேட்ரிக்கில் தோல்வி, மாணவன் தற்கொலை’ என்று தலைப்பிட்டது. எப்படி, எந்த இடத்தில் என்பதெல்லாம் வரிவரியாக இருந்தது. அந்தப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள்கூட அதைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய ஆயா என்னிடம் கேட்டார்: “பரீட்சைதான் காரணம்னு இவங்களுக்கு யாரும்மா சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. அவன் ஓராண்டாகவே சரியாகத் தூங்கவில்லை. சாக்கர் ஆடப் போவதை நிறுத்தியிருந்தான். அப்பாவுக்கு வேலை போயிருந்தது. இத்தனையையும் ஒரு தலைப்பு ‘தோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டது. அதே காலையில், அதே முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்த மற்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தோற்றவனுக்கு இதுதான் வழி என்றல்லவா அவர்கள் காதில் விழுந்திருக்கும்?

அந்தச் செய்தியில் இடம்பெற்றிருக்க வேண்டியவை வேறு. விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அடிப்படைக் கல்வித் துறையின் ‘செகண்ட் சான்ஸ்’ திட்டத்தில் சேர்ந்து மே, ஜூனில் மறுபடி எழுதலாம். 0800 567 567 என்ற இலவச எண்ணில், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவும் சடாக் (SADAG) அமைப்பின் ஆலோசகர்களிடம் பேசலாம். இந்த மூன்று வரிக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லாமல் போனதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வியன்னாவில் 1980களில் சுரங்க ரயில் நிலையங்களில் இப்படிப்பட்ட மரணங்கள் கூடின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் பரபரப்பாக எழுதின. 1987இல் தற்கொலைத் தடுப்புச் சங்கத்தார் பத்திரிகைகளுக்கு நெறிமுறை வகுத்துக் கொடுத்தார்கள். பத்திரிகைகளும் அடக்கி வாசித்தன. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் அங்கே இறந்தவர்கள் முதல் பாதியைவிட 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தார்கள். மாற்றியது எழுத்தைத்தான். உலக சுகாதார நிறுவனமும் 2000 முதல் ஊடகங்களுக்கு இதே வழிகாட்டுதலைத் தந்துவருகிறது, கடைசியாக 2023இல் புதுப்பித்திருக்கிறது: முறையை விவரிக்காதே, ஒற்றைக் காரணம் கட்டாதே, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்.

மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சனங்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஹார்ட் அட்டாக் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த மௌனத்தில்தான் உள்ளுக்குள் தவிப்பவர்கள் வாய் திறக்க முடியாமல் தனித்துப்போகிறார்கள். பேச வேண்டும், ஆனால் பிழைத்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். மோட்சார்ட்டின் இசைநாடகம் ஒன்றில் பாபகேனோ என்பவன் சாகத் துணியும்போது, மூன்று சிறுவர்கள் அவனிடமிருக்கும் மணிகளை நினைவுபடுத்தி மீட்பார்கள். சாகும் எண்ணம் வந்தும் மீண்டு வந்தவர்களின் கதை, படிப்பவர்களிடையே தற்கொலையைக் குறைக்கக்கூடும் என்று 2010இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வொன்று காட்டியது. அந்த விளைவுக்குப் ‘பாபகேனோ விளைவு’ என்று அவன் பெயரையே வைத்தார்கள்.

என் அக்கா மகனும் மேட்ரிக்கில் கணக்கில் தவறியவன்தான். ஒரு ராத்திரி, “எனக்கு இருக்கவே பிடிக்கலம்மா” என்றான். அக்கா திட்டவில்லை, அழவுமில்லை. விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, காலையில் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாதக்கணக்கில் ஆலோசனைக்குப் போய்வந்தான். ஜூனில் மறுபடி எழுதினான். இப்போது தொழிற்கல்லூரியில் எலக்ட்ரீஷியன் படிப்பு.

அவனைத் தேடி எந்த நிருபரும் வரவில்லை. பெயர் போடாமல் எழுதுவதென்றால் பேசத் தயார் என்கிறான்.